தேனிலவுக்குப் போன ஜோடியை ஏன் கடத்துவார்கள்? உளவுத் தொடர் எழுத உதவி தேவை

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. ஓர் இணைய இதழுக்கு உளவுத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருமங்கலத்துப் பையன், தேனிப் பெண், தை மாதக் கல்யாணம். மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து துருக்கிக்குத் தேனிலவு போகிறார்கள். இஸ்தான்புல்லின் பழைய கடைத்தெருவில் கண்ணாடி விளக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது இருவரையும் ஒரு வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். பையன் வங்கி மென்பொருளில் வேலை பார்க்கிறவன். அவனுக்கே தெரியாமல் அவன் மடிக்கணினியில் ஒரு ரகசியக் கோப்பு. அதற்காக மூன்று நாட்டு உளவாளிகள் துரத்துகிறார்கள். இதுதான் கதை.

முதல் அத்தியாயங்களை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். "மடிக்கணினிதானே வேணும், அதைத் திருடிட்டுப் போயிடலாமே. ஆளை எதுக்குத் தூக்கணும், அதுவும் பொண்டாட்டியோட?" என்று கேட்டாள். அதோடு அடுத்த அத்தியாயம் நின்றுவிட்டது.

வெளிநாடு போன சாதாரணத் தம்பதி யாராவது உண்மையில் இப்படி உளவு விவகாரத்தில் சிக்கியிருக்கிறார்களா? அவர்களை எதற்காகப் பிடிப்பார்கள்? கணவன் மனைவியை ஒன்றாக வைத்திருப்பார்களா? நம் தூதரகமும் உளவுத்துறையும் அந்த நேரத்தில் என்ன செய்யும்? சண்டைக் காட்சி என்னிடம் போதுமான அளவு இருக்கிறது. நடந்ததைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

தம்பி, உங்கள் அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மீதிக் கதை தானாக வரும்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1999 டிசம்பர் 24 மாலை, கிறிஸ்துமஸ் சிறப்புப் பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தோம். காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டதாக ஏஜென்சிச் செய்தி வந்தது. ஐ.சி. 814. அந்த வாரம் முழுக்க அந்தச் செய்தி என் மேசையில்தான் இருந்தது. அதன்பிறகும் அதை நான் விடவில்லை. வெளிவந்த நினைவுக் குறிப்பு, பேட்டி எல்லாவற்றையும் தேடிப் படித்திருக்கிறேன். உங்கள் கதைக்கு அதைவிட நெருக்கமான நிஜச் சம்பவம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த விமானம் நிறையப் புதுமண ஜோடிகள். இந்தியர்களுக்கு நேபாளம் போகப் பாஸ்போர்ட், விசா வேண்டாம். செலவும் குறைவு. குளிர்காலக் கல்யாணம் முடித்த வட இந்திய ஜோடிகளுக்குக் காத்மாண்டுவும் பொக்காராவும்தான் அப்போது எட்டக்கூடிய வெளிநாடு.

அவர்களில் யாரிடமும் ரகசியக் கோப்பு இல்லை. கடத்தியவர்களுக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. கடத்தியவர்களுக்கு வேண்டியிருந்த மனிதர் ஜம்முவில் கோட் பல்வால் சிறையில் இருந்தார். பாகிஸ்தான் ஆயுத இயக்கம் ஒன்றைச் சேர்ந்த மசூத் அசார். கதையை அங்கேயிருந்து ஆரம்பியுங்கள்.

மசூத் அசார் 1994 தொடக்கத்தில் போர்ச்சுகல் பாஸ்போர்ட்டில் டெல்லிக்கு வந்து, அங்கிருந்து காஷ்மீருக்குப் போய், அனந்த்நாக் பக்கம் பிடிபட்டவர். கூடவே சஜ்ஜாத் ஆப்கானி என்ற இன்னொருவரும் பிடிபட்டார். அசார் துப்பாக்கி பிடிக்கிற ஆள் இல்லை. பேச்சாளர், ஆள் சேர்ப்பவர். அப்படிப்பட்ட ஒருவர் உள்ளே போய்விட்டால் இயக்கத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை, அடுத்த கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகளில் அவரை மீட்க அவர்கள் செய்த காரியங்களை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு முயற்சி அதே 1994ஆம் ஆண்டு. லண்டனில் படித்த ஒமர் ஷேக் என்ற இளைஞர் டெல்லி பஹார்கஞ்ச் பக்கம் மலிவு விடுதிகளில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகளோடு பழக ஆரம்பித்தார். தன் பெயர் ரோஹித் சர்மா என்றார். மாமா ஒருவர் இறந்து தனக்கு ஒரு கிராமமே சொத்தாக வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று அழைத்தார். நல்ல ஆங்கிலம், நல்ல பழக்கம், சதுரங்கம் ஆடுவார். மூன்று பிரிட்டிஷ்காரர்களும் ஓர் அமெரிக்கரும் தாங்களாகவே அவரை நம்பிப் போனார்கள். கையைப் பிடித்து இழுக்கவில்லை, வேனில் தூக்கிப் போடவில்லை. போன இடத்தில் சங்கிலி காத்திருந்தது. பிரிட்டிஷ்காரர்களை சஹாரன்பூரிலும் அமெரிக்கரைக் காசியாபாத் பக்கத்திலும் அடைத்து வைத்து, மசூத் அசார் உள்ளிட்டவர்களை விடுவிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். உத்தரப் பிரதேச போலீஸ் வேறு ஏதோ விசாரணைக்குப் போன இடத்தில் அமெரிக்கரைக் கண்டுபிடித்தது. அதன்பின் மற்ற மூவரும் மீட்கப்பட்டார்கள். சஹாரன்பூர் மோதலில் போலீஸ்காரர்களும் உயிரிழந்தார்கள். ஒமர் ஷேக் பிடிபட்டார்.

இன்னொன்று 1995 ஜூலையில். பஹல்காமுக்கு மேலே மலையேற்றம் போன வெளிநாட்டுப் பயணிகளை அல் ஃபரான் என்ற பெயரில் வந்த கும்பல் பிடித்தது. பெண்களை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் கொண்டுபோனார்கள். மொத்தம் ஆறு பேர். ஒருவர் தப்பினார். நார்வேக்காரர் ஒருவர் ஆகஸ்டில் கொல்லப்பட்டார். மற்ற நால்வரும் வீடு திரும்பவே இல்லை. கோரிக்கைப் பட்டியலில் இந்த முறையும் மசூத் அசார் பெயர்.

நடுவில் சிறைக்குள்ளிருந்தே சுரங்கம் தோண்டித் தப்பப் பார்த்தார்கள். 1999 ஜூனில் நடந்த அந்த முயற்சியில் சஜ்ஜாத் ஆப்கானி இறந்தார். ஆறு மாதம் கழித்துத்தான் ஐ.சி. 814.

இதை முன்னும் பின்னுமாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு அந்தச் சம்பவமே புரிந்தது. விமானத்தில் இருந்தவர்கள் "நாம் என்ன தப்பு செய்தோம்" என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஐந்து வருடமாக நடந்துகொண்டிருந்த ஒரு பேரத்தில் அந்த வாரத்து விலை அவர்கள். உங்கள் நாயகனுக்கும் நாயகிக்கும் காரணம் தெரியக்கூடாது. வாசகனுக்கு மட்டும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வேண்டும். முதலில் உங்கள் சிறைக்கைதியை உருவாக்குங்கள். அவர் எந்த நாட்டுச் சிறையில் இருக்கிறார், அவரை யார் எதற்காக வெளியே கொண்டுவர நினைக்கிறார்கள் என்று முடிவு செய்தால், துருக்கியா நேபாளமா என்பதை அதுவே சொல்லிவிடும்.

சேர்த்து வைப்பார்களா என்று கேட்டீர்கள். விமானத்தில் ஆண்கள் பலரை மனைவிமாரிடமிருந்து பிரித்து முன் வகுப்புக்குக் கொண்டுபோய்க் கண்ணைக் கட்டி, தலையைக் குனிந்தபடி உட்கார வைத்தார்கள். தேனிலவு முடித்துத் திரும்பிய 25 வயது இளைஞர் ஒருவரைக் கத்தியால் குத்தினார்கள். அவர் இறந்துவிட்டார். துபாயில் 27 பேரை இறக்கியபோது அவர் உடலையும் இறக்கினார்கள். அவருடைய மனைவி அதே விமானத்தில் சில வரிசைகளுக்குப் பின்னால் இருந்தார். அவருக்குத் தெரியாது. காந்தஹாரில் அத்தனை நாளும் கணவர் முன்னால் எங்கோ இருப்பதாகவே நம்பியிருந்து, டெல்லிக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டார். நாங்கள் பக்கத்தில் அந்தச் செய்தியைப் போட்டுவிட்டோம், நாடே படித்துவிட்டது, அந்தப் பெண் ஒருத்திக்குத்தான் தெரியாது. அந்த வாரம் என்னை அலைக்கழித்தது இதுதான். தயவுசெய்து இதை அப்படியே எடுத்துக் கதையில் வைக்காதீர்கள். அது அவருடைய துக்கம். இப்படி நடக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

உளவுத்துறை என்ன செய்தது என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

கடலோடி:

இரவுப்பணி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வருகிறேன். நான் வணிகக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்தவன். சோமாலியக் கொள்ளையர் காலத்தில் ஏடன் வளைகுடா வழியாகப் போகும்போது கப்பலைச் சுற்றி முள்கம்பி கட்டி, இரவு முழுக்க ஆள் நிறுத்திக் காவல் பார்ப்போம். எங்களுக்கெல்லாம் அப்போது பாடம்போலச் சொல்லப்பட்ட ஒரு தம்பதிக் கதை உண்டு.

லின் ரைவல் என்ற சின்னப் பாய்மரப் படகில் உலகம் சுற்றிய பிரிட்டிஷ் கணவன் மனைவி. புதுமணம் இல்லை, நடுவயது கடந்தவர்கள். 2009 அக்டோபரில் செஷல்ஸிலிருந்து தான்சானியாவுக்குக் கிளம்பியதும் பிடிபட்டார்கள். கொள்ளையர்கள் அவர்களைத் தாங்கள் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த கன்டெய்னர் கப்பலுக்கு மாற்றியபோது பிரிட்டிஷ் கடற்படையின் துணைக் கப்பல் ஒன்று அருகிலேயே இருந்தது. சுட்டால் தம்பதியின் உயிருக்கு ஆபத்து என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கதையில் இப்படி ஒரு காட்சி வைத்துப் பாருங்கள்: உதவி கண்ணுக்கு எட்டின தூரத்தில் இருக்கிறது, ஆனால் வரமுடியாது.

கரையில் கொண்டுபோய் வைத்த பிறகு இருவரையும் பிரிக்க வந்தார்கள். எதிர்த்ததால் அடி வாங்கினார்கள். தனித்தனியாகச் சில மாதம் வைத்திருந்தார்கள். பிரிப்பது கொடூரத்துக்காக மட்டும் இல்லை. இரண்டு பேரையும் தனித்தனியாகப் போனில் பேச வைத்து வீட்டுக்காரர்களைக் கலங்கடிக்கலாம். மற்றவருக்கு என்ன ஆனது என்ற பயத்தை வைத்தே இருவரையும் அடக்கலாம். பிரிட்டிஷ் அரசு பணம் தராது என்பது அவர்கள் கொள்கை. குடும்பமும் மற்றவர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்து, பிடிபட்டு 388 நாள் கழித்து 2010 நவம்பரில் மீட்டார்கள்.

இன்னொரு விஷயம். பேரம் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதற்குச் சான்று. பழைய புகைப்படம் செல்லாது. அவருக்கு மட்டும் பதில் தெரிந்த ஒரு கேள்வியை அனுப்புவார்கள். சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர், முதலில் குடியிருந்த தெரு, அந்த மாதிரி. சரியான பதில் வந்தால்தான் அடுத்த பேச்சு. கல்யாணமாகிச் சில வாரமே ஆன மனைவிக்கு இது எவ்வளவு சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள். கணவனைப் பற்றி அந்த மாதிரி ஒரு கேள்வி கேட்க அவளிடம் என்ன இருக்கும்? அவனுடைய அம்மாவிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

வைகைக்கரை:

இருவருக்கும் ரொம்ப நன்றி. படித்துவிட்டு நேற்று இரவு தூக்கமே வரவில்லை. மடிக்கணினிக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கடலோடி அண்ணன் சொன்ன கடைசி விஷயம் மட்டுமே ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

ஐயா, உங்கள் அடுத்த பதிவுக்குக் காத்திருக்கிறேன். உளவுத்துறை ஆள் ஒருவர் நேரடியாகக் களத்தில் இருக்கிற மாதிரி ஒரு பாத்திரம் எனக்கு வேண்டும். அப்படி இருக்க முடியுமா?

இரவுப்பணி:

இருக்க முடியும். ஐ.சி. 814இலேயே இருந்தார். காத்மாண்டு தூதரகத்தில் பணியாற்றிய, நம் வெளிநாட்டு உளவு அமைப்பான ராவின் அதிகாரி ஒருவர் பயணியாக அதில் இருந்தார் என்பது பின்னால் வெளியே வந்தது. உங்கள் கற்பனை ஓடும் திசை எனக்குத் தெரிகிறது. ஆனால் ஐந்து ஆயுதக்காரர்களும் குழந்தைகளும் இருக்கும் விமானத்தில் அவராலும் மற்றவர்களைப்போல உட்கார்ந்திருக்கத்தான் முடிந்தது. தான் யார் என்று தெரிந்துவிடக்கூடாதே என்ற கவலை அவருக்குக் கூடுதல். அப்படி ஒருவரை உங்கள் ஜோடிக்குப் பக்கத்து இருக்கையில் வையுங்கள். அவர் எதுவும் செய்யாமல் இருப்பதே உங்களுக்குப் பெரிய பதற்றத்தைக் கொடுக்கும்.

அதே விமானத்தில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ராபர்ட்டோ ஜியோரி என்பவரும் இருந்தார். உலகில் பல நாடுகள் பண நோட்டு அச்சடிக்கப் பயன்படுத்தும் இயந்திரங்களைச் செய்த நிறுவனத்தின் உரிமையாளர். நாவலில் இப்படி ஒருவரை வைத்தால் நம்பமாட்டார்கள். ஆனால் பேரம் அவரைச் சுற்றி நடக்கவில்லை, சிறையில் இருந்தவர்களைச் சுற்றித்தான் நடந்தது.

இனி அரசாங்கத்தின் பக்கம். விமானம் முதலில் அமிர்தசரஸில் இறங்கியது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக நம் மண்ணில் நின்றது. எரிபொருள் தரத் தாமதம் செய்து நிறுத்தி வைக்க நினைத்தார்கள். கடத்தல்காரர்கள் சந்தேகப்பட்டு, எரிபொருள் போடாமலே கிளப்பச் சொல்லிவிட்டார்கள். தேசியப் பாதுகாப்புப் படை வந்து சேர்ந்தபோது விமானம் போய்விட்டது. அப்போது ரா தலைவராக இருந்த ஏ.எஸ். துலத் பின்னாளில் அமிர்தசரஸில் கோட்டை விட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். லாகூரில் ஓடுபாதை விளக்கை அணைத்துவிட்டார்கள். கேப்டன் தேவி சரண் இருட்டில் ஒரு சாலையை ஓடுபாதை என்று நினைத்து இறங்கப்போய், கடைசி நொடியில் மேலே தூக்கினார். அப்புறம் லாகூரிலேயே இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு துபாய். 25ஆம் தேதி காலை காந்தஹார்.

காந்தஹாரில் நமக்கு ஆளே இல்லை. காபூலில் இருந்த இந்தியத் தூதரகத்தை 1996இல் மூடிவிட்டோம். அப்போது தாலிபான் அரசை அங்கீகரித்த நாடுகள் பாகிஸ்தான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றுதான். கடத்தல்காரர்களோடு முதலில் பேசியது ஐக்கிய நாடுகள் அதிகாரி. நம் பக்கத்திலிருந்து முதலில் போன ஏ.ஆர். கன்ஷியாம் இஸ்லாமாபாத் தூதரகத்திலிருந்து ஐ.நா. விமானத்தில் போனவர். 27ஆம் தேதி டெல்லியிலிருந்து வந்த குழுவில் வெளியுறவுத் துறையின் விவேக் கட்ஜு, உளவுத்துறையிலிருந்து அஜித் தோவல், சி.டி. சஹாய் போன்றவர்கள். விமானத்தைச் சுற்றித் தாலிபான் வீரர்கள் நின்றார்கள். கமாண்டோ நடவடிக்கைக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் மிச்சம் இருந்தது வாய்ப்பேச்சு ஒன்றுதான்.

கோரிக்கை இது: 36 கைதிகள், 20 கோடி டாலர், சஜ்ஜாத் ஆப்கானியின் உடல். இறந்தவரின் சவப்பெட்டியைத் தோண்டி எடுத்துத் தரச் சொன்னார்கள். பணமும் உடலும் கேட்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று தாலிபான் தலைமை சொன்னதால் அந்த இரண்டும் கைவிடப்பட்டன. 36 என்பது பேசிப் பேசி மூன்றாக வந்து நின்றது. மசூத் அசார், ஒமர் ஷேக், முஷ்டாக் அகமது சர்கார். 31ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் அந்த மூவரும் இருந்த விமானத்திலேயே காந்தஹார் போனார்.

இதற்கு நடுவில் டெல்லியில் பிரதமர் வீட்டு வாசலில் பயணிகளின் உறவினர்கள் கதறிக்கொண்டிருந்தார்கள். காஷ்மீர் முதலமைச்சர் ஃபரூக் அப்துல்லா கைதிகளை விடவே கூடாது என்று கோபப்பட்டார். அவரைச் சம்மதிக்க வைக்க துலத்தே ஜம்மு போனார். ஒரு தகப்பனுக்குத் தன் பிள்ளை வீடு வர வேண்டும். ஒரு முதலமைச்சருக்கு இந்த ஆட்கள் வெளியே போனால் நாளை எத்தனை பிள்ளைகள் சாவார்கள் என்ற பயம். இரண்டு பேரும் சொன்னது நியாயம். உங்கள் கதையில் வில்லனைவிட இந்த இரண்டு பேருக்கு அதிகப் பக்கம் கொடுங்கள்.

உண்மையான உளவு வேலை எங்கே நடந்தது தெரியுமா? மும்பையில். அங்கே குற்றப்பிரிவுக்குத் தலைமை வகித்தவர் டி. சிவானந்தன், தமிழர். அப்போது ராவில் இருந்த ஹேமந்த் கர்கரே, பாகிஸ்தானோடு தொடர்பில் இருந்த ஒரு மும்பை போன் எண்ணைக் கொண்டுவந்து கொடுத்ததாகச் சிவானந்தனே பின்னால் எழுதியிருக்கிறார். அந்த எண்ணை ஒட்டுக்கேட்டு, பொறுமையாகப் பின்தொடர்ந்து, கடத்தலுக்கு உதவிய கும்பலைப் பிடித்தார்கள். விமானத்தில் சீஃப், டாக்டர், பர்கர், போலா, ஷங்கர் என்று கூப்பிட்டுக்கொண்ட ஐந்து பேரின் உண்மைப் பெயர்கள் அப்படித்தான் கிடைத்தன. ஜனவரியில் உள்துறை அமைச்சர் அத்வானி அவற்றை அறிவித்தார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாரோ சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். உங்கள் உளவாளி அந்த ஆளாக இருக்கட்டும்.

ஒன்று சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வெளியே போன மசூத் அசார் 2000இல் ஜெய்ஷ் இ முகமது அமைப்பைத் தொடங்கினார். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களைக் கொன்ற தாக்குதலுக்குப் பொறுப்பேற்றது அந்த அமைப்பு. அந்த 40 பேரில் இருவர் நம் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைகள். ஒமர் ஷேக் 2002இல் கராச்சியில் டேனியல் பேர்ல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் கடத்தப்பட்ட வழக்கில் தண்டிக்கப்பட்டார்; 2021இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்துத் தீர்ப்பளித்தது. அந்தக் கடத்தலிலும் இனிக்கப் பேசி வரவழைக்கிற அதே பஹார்கஞ்ச் வழிதான். உங்கள் ஜோடி வீடு திரும்புவதோடு தொடரை முடித்துவிடாதீர்கள். அவர்களுக்காக வெளியே விடப்பட்டவன் என்ன செய்கிறான் என்று இருபது வருடம் கழித்து அவர்கள் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டி வரும்.

நிலாமுற்றம்:

எல்லோரும் கணவன், அரசாங்கம், கைதி என்று எழுதுகிறீர்கள். எனக்குக் கதை அந்தப் பெண்ணுடையதாகத் தெரிகிறது.

1995 பஹல்காம் கடத்தலில் பெண்களை விட்டுவிட்டார்கள் என்று ஐயா ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனார். விடப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது? மலையிலிருந்து இறங்கி வந்து, நடந்ததை உலகத்துக்குச் சொன்னவர்கள் அவர்கள். அமெரிக்கர் ஒருவரின் மனைவி அதற்குப் பிறகு மீண்டும் மீண்டும் காஷ்மீருக்கு வந்தார். அதிகாரிகள், பத்திரிகையாளர்கள், யாரைப் பார்த்தால் ஒரு துப்புக் கிடைக்கும் என்று அலைந்தார். கணவர் கடைசிவரை கிடைக்கவில்லை. இந்தப் பெண் செய்தது உளவு வேலை இல்லையா?

அதனால் உங்கள் தேனிப் பெண்ணை முதலிலேயே விடுவித்துவிடுங்கள். அன்னிய ஊரில் தனியாக நிற்கட்டும். சில விஷயங்களை யோசித்துப் பாருங்கள். நான் வழக்கறிஞர், இது தினமும் பார்க்கிற சங்கதி. அவளுடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் இருக்கும், கணவன் பெயர் ஏறியிருக்காது. திருமணப் பதிவுச் சான்றிதழை அலமாரியில் வைத்துவிட்டு வந்திருப்பாள், அல்லது பதிவே செய்திருக்க மாட்டார்கள். அங்கே போலீசும் தூதரகமும் "நீங்கள் அவருக்கு என்ன உறவு" என்று கேட்டால் காட்ட எதுவும் இல்லை. போனில் இருக்கும் கல்யாணப் படங்களை ஒவ்வொருவரிடமும் நீட்ட வேண்டும். மாமியார் வீட்டுக்கு முதல் தகவலை அவள்தான் சொல்ல வேண்டும். அத்தை, மாமா என்று கூப்பிட்டே இன்னும் பழகாத பெண். "உன்னை மட்டும் எப்படி விட்டாங்க?" என்று யாராவது ஒருவர் கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள்.

கையில் மருதாணி இன்னும் போயிருக்காது. தாலி பிரித்துக் கோர்க்க நாள் குறித்திருப்பார்கள். மஞ்சள் கயிற்றோடுதான் தூதரக வாசலில் நிற்பாள். அந்த நாள் வரும், தாண்டிப் போகும். ஊரில் அம்மா போன் செய்து அதைப் பற்றிப் பேசாமல் வேறு எதையோ பேசுவாள். காலம் ஓடுவதைக் காட்ட உங்களுக்குத் தேதியே தேவையில்லை.

அவன் என்ன ஆனான் என்று வாசகருக்கு அவளுக்கு முன்னால் தெரியவே கூடாது. ஐயா சொன்ன அந்த விமானத்துப் பெண்ணுக்கு நடந்தது மாதிரி ஊரே அறிந்து அவள் மட்டும் அறியாத நிலையில் அவளை வைக்காதீர்கள். கதையிலாவது முதலில் அவளுக்குத் தெரியட்டும்.

இரவுப்பணி:

அம்மா, நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. வைகைக்கரை, இவர் சொல்வதைக் கேளுங்கள். சிறைக்கைதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவள் தூதரகத்தில் கேட்கும் கேள்விகளின் வழியாகவே அவன் பெயர் வெளியே வரட்டும்.

கடலோடி:

நானும் அதைத்தான் சொல்வேன். பேரம் பேசுகிறவர் அவளிடம் வந்து "அவருக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்கும் இடத்தில் ஓர் அத்தியாயத்தை முடித்து, தொடரும் போடுங்கள்.

வைகைக்கரை:

முடிவு செய்துவிட்டேன். அவளை இரண்டாம் அத்தியாயத்திலேயே விட்டுவிடுகிறார்கள். வேன் கிடையாது. விடுதியில் பழகிய, நல்ல தமிழ் பேசுகிற ஒருவர் சாப்பிடக் கூப்பிடுகிறார், இவர்களாகவே கிளம்பிப் போகிறார்கள். உளவாளி சென்னையில் ஓர் அறையில் உட்கார்ந்து போன் பேச்சைக் கேட்கிறவர், துருக்கிக்குப் போகவே மாட்டார். சிறைக்கைதி யார் என்பதில் இன்னும் இரண்டு யோசனை இருக்கிறது. அக்காவிடம் சொன்னேன், "இப்ப எழுது" என்றாள்.

நிலாமுற்றம் மேடம், பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் இல்லாமல் தூதரகத்தில் உறவை நிரூபிக்க நடைமுறையில் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று நேரம் கிடைக்கும்போது எழுத முடியுமா? மூன்றாம் அத்தியாயம் அங்கேதான் தொடங்குகிறது.

நிலாமுற்றம்:

எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள், நீதிமன்ற வேலை இருக்கிறது. அதுவரைக்கும் ஒன்று: கல்யாணப் பத்திரிகையின் ஒரு பிரதியை அவள் கைப்பையில் போட்டு வையுங்கள். யாருக்கோ கொடுக்க எடுத்துவைத்துக் கொடுக்காமல் விட்டது. முதல் நாள் அவளிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுவாக இருக்கட்டும்.